வேலி தாண்டும் மணம்



அயலவர் இருவரிடையே வழக்கு மூள்வதற்கு நம் நாட்டில் வேலி ஒன்றே போதும். கதியால் ஓர் அடி தள்ளி நாட்டப்பட்டது, முருங்கைக் கிளை இப்பக்கம் சாய்ந்தது, கோழி அப்பக்கம் போயிற்று என்றெல்லாம் நீதிமன்றம் வரை சென்றோர் பலர். ஆயின், அவ்வேலியை இரவும் பகலும் தடையின்றிக் கடந்துசெல்லும் பொருள் ஒன்றுண்டு. அதுவே மணம். கண்ணை மூடிக்கொள்ளலாம், காதைப் பொத்திக்கொள்ளலாம், மூக்கை அவ்வாறு நெடுநேரம் அடைத்துவைத்தல் இயலாது. ஆகையால் ஒரு பேக்கரியோ தொழிற்சாலையோ ஓரூரில் அமையும்போது, அதன் உற்பத்திப் பொருளைக் காசு கொடுத்து வாங்குவோர் சிலரே. அதன் மணத்தைக் காசின்றி வாங்குவோரோ அவ்வூரார் அனைவருமாவர்.

‘நாற்றம்’ என்னுஞ் சொல் பழந்தமிழிலே நல்ல மணத்தையும் குறித்து வழங்கிற்று. பூவின் நாற்றத்தைப் புலவர் பாடினார் எனின், பூ அழுகிவிட்டது என்பது பொருளன்று. இன்று விருந்துக்குச் சென்ற வீட்டிலே சமையலறைப் பக்கம் திரும்பி, “என்ன நல்ல நாற்றம்!” என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த முறை அழைப்பு வருமோ என்பது ஐயம். நறுமணம், துர்மணம் என்ற பாகுபாட்டை நாம் மிக எளிதிற் செய்துவிடுகின்றோம். அந்தப் பாகுபாடு நாம் நினைக்கும் அளவுக்கு நம்பத்தக்கதன்று என்பதே இன்று யான் சொல்ல விரும்புவது.

பேக்கரியிலிருந்து தொடங்குவோம். பாண் வேகவைக்கும் அடுப்பை நம்மவர் போறணை என்பர். அது போத்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். பாண் என்பதும் அவர்கள் தந்ததே. செங்கல்லினாற் குவிந்த கூரையிட்டுக் கட்டிய போறணையினுள் விறகை எரித்து, தணலை வாரி வெளியேற்றியபின், கல்லில் நின்ற சூட்டிலே பாணை வேகவைப்பது பழைய முறை. நள்ளிரவிலே மா பிசையப்படும். அது பொங்கும் வேளையில் எழும் மணம் சற்றே கள்ளை நினைவூட்டும். மாவிலுள்ள வெல்லத்தை மதுவம் உண்டு, மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டையும் வெளிவிடுவதே அதற்குக் காரணம். தெருவையெல்லாம் எழுப்பும் மணமோ பின்னரே பிறக்கின்றது. பாணின் மேற்பட்டை 140 பாகை செல்சியசை அண்மிக்கும்போது, அதிலுள்ள அமினோவமிலங்களும் வெல்லங்களும் தம்முள் தாக்கமுற்றுப் பொன்னிறத்தையும் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களையும் ஆக்குகின்றன. இத்தாக்கத்தை 1912 ஆம் ஆண்டில் விளக்கியவர் லூயி கமீல் மையார் என்னும் பிரெஞ்சு இரசாயனர். அம்மணப்பொருள்களுள் முதன்மையான ஒன்றன் பெயர் மிக நீளமானது. அதைச் சொல்லி நேயர்களை அலுக்கச் செய்யேன். ஆனால் அதே பொருள்தான் நம் வீட்டுக் கறியில் இடும் ரம்பை இலையிலும், பாசுமதி அரிசிச் சோற்றிலும் மணக்கின்றது என்பதைச் சொல்லாமல் விடவும் மனமில்லை. பறங்கியர் தந்த பாணும், கொல்லையில் நிற்கும் ரம்பையும் மூக்கினளவில் உறவினர்.

இத்துணை இனிய மணத்திலே குறை காண்பவர் யார் என்று கேட்கலாம். பாடசாலையொன்றன் அருகே பேக்கரி இருப்பின், இடைவேளைக்கான பணிஸ் போறணையிலிருந்து வெளிவரும் நேரத்தில் வகுப்பறைக்குட் சென்று பாருங்கள். காலையுணவு உண்டு வந்த பிள்ளை ஒருமுறை மூக்கை உறிஞ்சிவிட்டுக் கணக்கைத் தொடரும். வெறுந்தேநீரோடு வந்த பிள்ளையின் பென்சில் நின்றுவிடும். காலைக் கூட்டத்தில் எந்தப் பிள்ளை மயங்கி விழக்கூடும் என்பதை அறிந்த ஆசிரியர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. மணம் ஒன்றே, அது ஒருவருக்கு விருந்து, மற்றவருக்குத் தண்டனை. 2022 ஆம் ஆண்டில், எரிவாயு கிடைக்காமலும் மாவின் விலை ஏறியும் நாடெங்கும் பல பேக்கரிகள் மூடப்பட்டன. விடியற்காலையில் தெருவில் மணம் வீசாமையே அந்நாட்களிற் செய்தியாயிற்று. பீதோவனின் மெட்டை இசைத்தபடி பாண் விற்று வரும் முச்சக்கர வண்டிகளும் ஓய்ந்திருந்தன. அந்த மெட்டை எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. எனினும் அது மீண்டும் கேட்ட நாளில் மகிழ்ந்தேன்.

போறணையின் முன்னே நிற்பவரை நாம் நினைப்பதேயில்லை. தொழிலாளர்க்கு வரும் நோய்களைப் பற்றி 1700 ஆம் ஆண்டிலே நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் பெர்னாடினோ இரமற்சீனி, பாண் செய்வோரைப் பற்றியும் அதிலே எழுதினார். ஊர் உறங்கும்போது விழித்திருந்து, மாத்தூளைச் சுவாசித்து, இருமலுக்கும் மூச்சுத்திணறலுக்கும் ஆளாகின்றவர்கள் அவர்கள். மாத்தூளினால் வரும் ஈளை நோய் இன்றைய மருத்துவர்களும் நன்கறிந்த தொழில்நோயாகும். தெருவில் நடப்பவருக்கு இன்பமூட்டும் காற்றே உள்ளே நிற்பவரின் நெஞ்சை அடைக்கின்றது.

மலையகத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் மணம் வெறும் விளைவன்று. அது ஒரு கருவி. கொழுந்தை வாட்டி, உருட்டி, நொறுக்கிப் பரப்பியபின், அது காற்றோடு சேர்ந்து பச்சை நிறம் மாறிச் செம்பு நிறம் அடையும். நொதித்தல் என்று வழங்கினும் அது உண்மையில் ஒட்சியேற்றமே. எப்போது அதனை நிறுத்தி உலர்த்தியிற் செலுத்துவது என்பதை, தேயிலை ஆக்குநர் கையில் அள்ளி முகர்ந்து பார்த்துத் தீர்மானிக்கின்றார். சற்று முந்தினாற் பச்சை வாடை. சற்றுப் பிந்தினால் மணம் மாண்டுவிடும். உயர்தரத் தேயிலை பெரும்பாலும் கப்பலேறிவிட, அதனைப் பறித்தவர்களின் லயங்களுக்கு இலவசமாகக் கிடைப்பது அந்த மணம் ஒன்றே. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களும் இவ்வாறு தம் மணத்தாலே தொலைவிலேயே அறியப்பட்டவை. அங்கே ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, ஏனையோர் கேட்டுக்கொண்டே சுருட்டுச் சுற்றுவர். அக்காலத்தவர் சிலருக்குப் புகையிலைக் காரம் மூக்கிலேறினால் உலகச் செய்தி நினைவுக்கு வருமாம்.

இனி மறுபக்கம். தென்மாகாணக் கரையோரத்திலே தேங்காய் மட்டைகளை உப்புக் கலந்த நீர்நிலைகளில் மாதக்கணக்காக அமிழ்த்தி, ஊறியபின் எடுத்து அடித்துத் தும்பு பிரிப்பர். காற்றில்லாத சேற்றிலே வாழும் நுண்ணுயிர்கள், நீரிலுள்ள சல்பேற்றிலிருந்து ஐதரசன் சல்பைட்டு வாயுவை உண்டாக்குகின்றன. அழுகிய முட்டையின் வெடுக்கு அதனுடையதே. வழிப்போக்கர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு விரைவர். குழியின் ஓரத்திலே மட்டை அடிக்கும் பெண்களோ சிரித்துப் பேசிக்கொண்டிருப்பர். அவர்களைக் கேட்டால், மணமா, எங்கே என்பர். அது பொய்யுமன்று, பொறுமையுமன்று. மாறாத மணம் ஒன்றைச் சிறிது நேரம் நுகர்ந்த மூக்கு அதனை அறிவிப்பதை நிறுத்திவிடும். புதியதைச் சொல்வதே மூக்கின் தொழில்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஐதரசன் சல்பைட்டைக் காற்றில் மிகமிகச் சிறு அளவிலேயே மூக்கு கண்டுகொள்ளும். ஆனால் அது பத்து இலட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 100 பங்காக ஏறியதும், மணமறியும் நரம்பே செயலிழந்துவிடும். கழிவுக் குழிக்குள் இறங்கியவர் “நாற்றம் போய்விட்டது” என்று கருதும் கணமே அவருக்குக் கொடிய கணமாக இருத்தல் கூடும்.

மணமே இல்லாத வாயுவோ இன்னும் பொல்லாதது. 1937 ஆம் ஆண்டு மார்ச் 18 ஆம் நாள், அமெரிக்காவின் தெக்சாசு மாநிலத்து நியூ இலண்டன் என்னும் ஊரிலே, பாடசாலைக் கட்டடத்தின் அடியிற் கசிந்து தேங்கிய எரிவாயு வெடித்தது. ஏறத்தாழ 300 மாணவரும் ஆசிரியரும் மாண்டனர். அவ்வாயுவுக்கு இயல்பிலே மணம் இல்லை; ஆதலால் எவரும் அறியவில்லை. அதன்பின்னரே எரிவாயுவில் துர்மணப் பொருளைக் கலக்கவேண்டுமென்று அங்கே விதி செய்தனர். நம் வீட்டுச் சிலிண்டரிலும் எதைல் மேகப்ரான் என்னும் அத்தகைய பொருள் வேண்டுமென்றே கலக்கப்படுகின்றது. 2021 ஆம் ஆண்டின் இறுதியில் நம் நாட்டிற் சமையல் எரிவாயு வெடிப்புகள் அடுத்தடுத்து நிகழ்ந்த காலத்திலே, இப்பொருள் போதிய அளவில் இல்லையென்று கூறிக் கப்பலில் வந்த வாயுவை இறக்க அனுமதி மறுக்கப்பட்டது. போதியளவு நாறவில்லை என்பதற்காக ஒரு சரக்கு மறுக்கப்பட்டமையை எண்ணிப் பாருங்கள்.

மூக்கின் சான்றைப் புறக்கணித்தல் எத்துணைத் தீது என்பதற்கு அயலிலேயே எடுத்துக்காட்டு உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலே தங்குவது, அங்கே ஆறு இல்லை, கிணறே கதி. பெற்றோலிய எண்ணெய் சிறிதளவே கலந்தாலும் அள்ளிய வாளியிலிருந்தே மூக்கு அதனைக் காட்டிக்கொடுக்கும். சுன்னாகத்து மக்கள் தம் கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக முறையிட்டபோது, அதனை ஐயுற்றோர் பலர். வழக்கு உயர் நீதிமன்றம் சென்று, 2019 ஆம் ஆண்டிலே தீர்ப்பாயிற்று. அங்கே இயங்கிய மின் உற்பத்தி நிலையத்தை நடத்திய தனியார் கம்பனி, பாதிக்கப்பட்ட குடியிருப்பாளர்க்கு 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு கட்டளையிடப்பட்டது. கிணற்றுக்குச் சொந்தக்காரர் தண்ணீர் வாளியோடு தெருவழியே அலைந்த ஆண்டுகளுக்கு அத்தொகை ஈடாகுமா என்பது வேறு கேள்வி.

மணம்பற்றிய வழக்குகள் பழமையானவை. 1610 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே, அயலவர் கட்டிய பன்றித்தொழுவத்தின் நாற்றம் தம் வீட்டைக் கெடுக்கின்றது என்று ஓல்டிரெட் என்பவர் வழக்காடினார். மனிதர் உயிர்வாழப் பன்றி வேண்டும். அதன் மணத்தைத் தாங்கமாட்டாத அவ்வளவு மெல்லிய மூக்கை ஒருவர் வைத்திருத்தல் ஆகாது என்று எதிர்த்தரப்பார் வாதித்தனர். நீதிபதிகள் அதனை ஏற்கவில்லை. வீட்டிலிருந்து காணும் அழகிய காட்சி இன்பத்துக்குரியது மட்டுமே. அது மறைந்தால் வழக்கில்லை. தூய காற்றோ வாழ்வுக்கு இன்றியமையாதது. அதனைக் கெடுத்தல் தவறு என்று அவர்கள் பிரித்துக் காட்டினர். நம் நாட்டில் 1862 ஆம் ஆண்டிலேயே பொதுத்தொல்லைகள் பற்றிய கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. 1980 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டமும், தொழிற்சாலைகளுக்கு உரிமப்பத்திரம் வேண்டுமென்ற 1988 ஆம் ஆண்டுத் திருத்தமும் பின்னர் வந்தவை. சட்டம் இல்லையென்று எவரும் சொல்ல இயலாது.

எஞ்சி நிற்பது மணத்தை எவ்வாறு மெய்ப்பிப்பது என்பதே. ஓசையை அளக்கப் பெட்டி உண்டு. மணத்துக்கோ, ஐரோப்பாவில் 2003 ஆம் ஆண்டில் வெளிவந்த தரநிலையும் மனித மூக்கையே நம்புகின்றது. பயிற்றப்பட்ட ஒரு குழுவினர்க்குத் தூய காற்றில் ஐதாக்கிய மாதிரியை முகரக் கொடுத்து, அவர்களுட் பாதிப்பேர் உணரும் நிலையை ஓரலகு என வகுத்துள்ளனர். மிகக் கூரிய மூக்குடையோரும் மிக மந்தமான மூக்குடையோரும் அக்குழுவிற் சேர்க்கப்படார். பன்றித்தொழுவ வழக்கில் எழுந்த ‘மெல்லிய மூக்கு’ வாதத்துக்குக் கிடைத்த விடை இதுபோலும்.

அத்தகைய குழு நம் தெருவுக்கு வரும்வரை, கொப்பி ஒன்றே கருவி. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பகலில் வருவார். தொழிற்சாலை நள்ளிரவில் நாறும். ஆகவே நாள், நேரம், மணத்தின் வகை, காற்று வந்த திசை ஆகியவற்றை அன்றன்றே எழுதிவைத்தல் வேண்டும். சோளகம் வீசும்வரை முறையிடுவோர் வடக்குத் தெருவார். தெற்குத் தெருவார் அவர்களைச் சண்டைக்காரர் என்பர். ஐப்பசியில் வாடைக்காற்றுப் பெயர்ந்ததும் மூக்கைப் பொத்துவோர் தெற்குத் தெருவார் ஆகிவிடுவர். இரு தெருவாரும் ஒரே கொப்பியில் எழுதுவார்களாயின், அந்தப் பரிசோதகர்க்கும் வேலை எளிதாகும்.