கட்டடச் சித்திரத்தில் மரமும் மனிதரும்

வீடு வாங்க நினைப்பவர் முதலில் காண்பது வீட்டை அன்று, வீட்டின் படத்தைத்தான். செங்கல் ஒன்றுகூட வைக்கப்படாத நிலத்தில், வெண்ணிறச் சுவரும் அகன்ற சாளரங்களும் கொண்ட மாளிகையொன்று தாளின்மேல் எழுந்து நிற்கிறது. அதன் முன்னே தழைத்த மரங்கள் இரண்டு. மரநிழலில் ஒரு தாயும் குழந்தையும். சற்றுத் தொலைவில் பத்திரிகை படித்தபடி ஒரு முதியவர். கட்டடத்தை வகுத்தவர் கட்டடக் கலைஞர். ஆனால் அந்த மரத்தையும் தாயையும் முதியவரையும் அங்கே கொண்டுவந்து நிறுத்தியது எதற்காக? அவர்கள் அங்கே நிற்பது உண்மைக்குப் பொருந்துமா? இவையே இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள்.

இது கலைஞருக்கு மட்டும் உரிய விஷயம் என்று எண்ணிவிட வேண்டா. பிறந்த ஊரை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர் பலர், ஆயுட்காலச் சேமிப்பைக் கொண்டு வீடு வாங்கும்போது, பெரும்பாலும் ஒரு படத்தைப் பார்த்தே முன்பணம் கொடுக்கின்றனர். ஊருக்கு ஆயிரம் மைல் தொலைவிலிருந்து, மனையை நேரில் மிதித்துப் பாராமலே கையெழுத்திடுவோரும் உண்டு. அவர்களுக்குப் பத்திரத்தைப் படிக்கத் தெரிந்திருப்பது எவ்வளவு அவசியமோ, படத்தைப் படிக்கத் தெரிந்திருப்பதும் அவ்வளவு அவசியம்.

முதலில் மனிதரை எடுத்துக்கொள்வோம். வெறும் கட்டடத்திற்குத் தாளின்மேல் அளவு கிடையாது. ஒரு நீள்சதுரம் தீப்பெட்டியாகவும் இருக்கலாம், நெற்களஞ்சியமாகவும் இருக்கலாம். அதன் அருகே ஓர் ஆளை நிறுத்திய உடனே அளவு பிறந்துவிடுகிறது. ஆகவே படத்தில் நிற்கும் மனிதன் அலங்காரப் பொருள் அல்லன். அவன் ஓர் அளவுகோல்.

இந்த அளவுகோலை எப்படி நிறுத்துவது என்பதற்கு ஒரு விதி உண்டு. இத்தாலிய அறிஞர் லியோன் பத்திஸ்தா ஆல்பர்ட்டி 1435-ஆம் ஆண்டளவில் ஓவியக் கலையைப் பற்றி எழுதிய நூலிலேயே அது காணப்படுகிறது. தரை சமமாக இருந்து, காண்பவர் கண்ணும் நிற்பவர் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்குமானால், அருகில் நிற்பவரின் தலையும் தொலைவில் நிற்பவரின் தலையும் படத்தில் ஒரே கோட்டில் அமையும். தொலைவு கூடக்கூட மேலே ஏறுவது கால்கள் மட்டுமே. ஊருக்கு வண்டி ஏறுவதற்காக ரயில் நிலைய மேடையில் காத்திருக்கும்போது இதைச் சோதித்துப் பாருங்கள். பத்தடி தொலைவில் நிற்பவர் தலையும் நூறடி தொலைவில் நிற்பவர் தலையும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருக்கும். குழந்தைகள் தாழ்ந்திருப்பர், படிமேல் நிற்பவர் உயர்ந்திருப்பர். இந்த விதி தவறிய படத்தில் சிலர் அரக்கராகவும் சிலர் குள்ளராகவும் தோன்றுவர்.

விதியை அறியாமல் மீறுவோர் ஒரு வகை. அறிந்தே மீறுவோர் மற்றொரு வகை. ஐந்தரை அடி மனிதனை நாலரை அடியாகச் சுருக்கி வரைந்துவிட்டால், பத்தடி உயரமுள்ள கூடம் பன்னிரண்டடிக் கூடமாகக் காட்சியளிக்கும். சுவரில் ஓர் அங்குலமும் மாற்றப்படவில்லை, மனிதன்தான் குறைக்கப்பட்டான். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நம் நாட்டில் கதவு பெரும்பாலும் ஏழடி உயரம். அதன் அருகே நிற்பவரின் தலை, கதவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு உயரத்தை எட்ட வேண்டும். பாதியிலேயே நின்றுவிடுமானால், அந்தக் கூடத்தின் பெருமை தாளோடு முடிந்துவிடும்.

எந்த மனிதன் அளவுகோல் என்பதும் ஒரு கேள்வி. சண்டிகார் நகரை வகுத்த லெ கொர்பூசியே, 'மாடுலர்' என்ற தம் அளவு முறைக்கு 1.83 மீட்டர், அதாவது ஆறடி உயரமுள்ள ஓர் ஆளையே அடிப்படையாகக் கொண்டார். நம்மில் பெரும்பாலோர் அந்த உயரத்திற்கு எட்டுவதில்லை. நம் சமையலறை மேடையும் சாளரத்தின் கைப்பிடியும் அவனுக்காக வகுக்கப்பட்டால், அன்றாடம் கையை உயர்த்தி அவதியுறுபவர் நம் வீட்டுப் பெண்மணியே.

காண்பவர் கண் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். இதற்குத் தில்லி நேயர்கள் நன்கறிந்த சான்று ஒன்று உண்டு. இன்று குடியரசுத் தலைவர் மாளிகையாக விளங்கும் கட்டடத்தை வகுத்தவர் எட்வின் லட்யன்ஸ்; அதன் முன்னே இருபுறமும் நிற்கும் செயலகக் கட்டடங்களை வகுத்தவர் ஹெர்பர்ட் பேக்கர். இருவரும் நண்பர்கள். ரைசினா குன்றின்மேல் ஏறும் சாலையின் சரிவு காரணமாக, கீழேயுள்ள சதுக்கத்திலிருந்து நோக்குபவருக்கு மாளிகையின் முகப்பு மறைந்து, மேற்பகுதி மட்டுமே தெரியும் என்பதை லட்யன்ஸ் காலங்கடந்தே முழுமையாக உணர்ந்தார். சரிவை மாற்றக் கோரிய அவர் வேண்டுகோள் 1916-இல் நிராகரிக்கப்பட்டது. நட்பும் முறிந்தது. இன்றும் அச்சாலையில் நடந்தால், மாளிகை மெல்லத் தாழ்ந்து மறைவதையும் மேலேறியபின் மீண்டும் எழுவதையும் காணலாம். உயரத்திலிருந்து நோக்கும் படத்தில் இக்குறை தெரியாது. சாலையில் நடப்பவன் கண்ணுக்குத்தான் தெரியும். பறவையின் கண்ணால் வரைந்த படம் எவ்வளவு அழகாயினும், வீட்டில் குடியிருக்கப் போவது பறவை அன்று.

இனி மரத்திற்கு வருவோம். மரத்தை வரைவது மனிதனை வரைவதைவிடக் கடினம். காரணம், அதற்கு ஊர் உண்டு, வயது உண்டு, பருவம் உண்டு. இன்று பெரும்பாலான படங்கள் கணிப்பொறியில் அமைகின்றன. அங்கே மரம் சேமிப்புச் சரக்கு. ஒரே மரத்தை நூறு இடங்களில் நிறுத்தி, ஒவ்வொன்றையும் சற்றே திருப்பி, சற்றே கூட்டியும் குறைத்தும் தோப்பு உண்டாக்கிவிடலாம். வசதி பெரிது, ஆபத்தும் உடன் இருக்கிறது. சரக்கில் கிடைப்பது பெரும்பாலும் குளிர்நாட்டு மரம். அதனால் மதுரைக்கு வரைந்த படத்தில் மேபிள் மரம் செந்நிற இலைகளை உதிர்த்து நிற்பதைக் காண்கிறோம். அதனடியில் கம்பளி மேலங்கி அணிந்த வெள்ளையர் இருவர் உலவுகின்றனர். புது தில்லியின் சாலைகளைக் கவனியுங்கள். நாவலும் வேம்பும் புளியும் மருதமும் வரிசை வரிசையாக நிற்கின்றன. அந்தந்தச் சாலைக்கு உரிய மரம் இது என்று தேர்ந்து நட்டதன் பயனாகவே, மரத்தைக் கொண்டு சாலையை அடையாளம் சொல்ல முடிகிறது. படத்திலும் அத்தகைய தேர்வு வேண்டும்.

மரத்தைக் கட்டடத்தோடு இணைத்துக் காட்டுவதில் தலைசிறந்தவர் மேரியன் மஹோனி என்ற அமெரிக்கப் பெண்மணி. ஃபிராங்க் லாய்ட் ரைட்டின் அலுவலகத்தில் பணிபுரிந்த அவர், ஜப்பானிய அச்சோவியங்களிலிருந்து கற்ற முறையில், இலையும் கொடியும் சுவரைத் தழுவி நிற்கும்படி மையால் தீட்டினார். அவர் கணவர் வால்டர் பர்லி கிரிஃபின், 1912-இல் ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவுக்கான போட்டியில் பரிசு பெற்றதற்கு இவர் தீட்டிய படங்களும் துணை நின்றன. கிரிஃபின் 1935-இல் லக்னோவுக்கு வந்தார். மறு ஆண்டு மேரியனும் வந்து உடன் பணிபுரிந்தார். 1937-இல் அந்நகரிலேயே கிரிஃபின் காலமானார். அவருடைய கல்லறை லக்னோவில்தான் இருக்கிறது. மேரியனின் படங்களில் மரம் கட்டடத்தின் குறையை மறைக்கும் திரையாக இல்லை. கட்டடம் அந்த மண்ணில் வேர்கொண்டதைக் காட்டும் சாட்சியாக இருக்கிறது.

மரமும் மனிதரும் படத்தில் இயல்பாகப் பொருந்துவதற்கு உயிர்நாடி நிழலே. நளன் கதையை நேயர்கள் அறிவர். நளனுடைய உருவத்தை எடுத்துக்கொண்டு சுயம்வர மண்டபத்தில் அமர்ந்திருந்த தேவர்களைத் தமயந்தி எப்படி இனங்கண்டாள்? அவர்கள் கால் நிலத்திற் படியவில்லை. அவர்களுக்கு நிழல் விழவில்லை. வெட்டி ஒட்டிய உருவங்களையும் நாம் அப்படித்தான் இனங்காண்கிறோம். பாதம் தரையைத் தொடும் இடத்தில் சிறு இருள் இல்லையானால், அந்த மனிதன் மிதக்கிறான். கட்டடத்தின் நிழல் வலப்புறமும் மனிதனின் நிழல் இடப்புறமும் விழுந்தால், அந்தப் படத்தில் கதிரவர் இருவர்.

நிழல் ஊருக்கு ஊர் வேறுபடும். தில்லியில் டிசம்பர் மாதக் கடைசியில் நண்பகற் கதிரவன் ஏறத்தாழ 38 பாகை உயரத்தில் நிற்கிறான். பத்தடிச் சுவரின் நிழல் பன்னிரண்டு அடிக்குமேல் வடக்கே நீள்கிறது. ஜூன் மாதத்தில் 85 பாகை உயரம். அதே சுவரின் நிழல் ஓரடிகூட இல்லை. சென்னையிலோ அதே ஜூன் நண்பகலில் கதிரவன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்பதால், நிழல் தெற்கே விழுகிறது. ஆகவே தில்லி வீட்டின் தென்புறத்தில், பனிக்காலத்தில் இலை உதிர்க்கும் மரத்தை நிறுத்தினால் வெயிலும் கிடைக்கும், நிழலும் கிடைக்கும். சென்னை வீட்டுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. நிழலைச் சரியாக வரையத் தெரிந்தவர் வீட்டையும் சரியாக வகுப்பார்.

இங்கே என் உறவினர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். வடநாட்டில் முப்பது ஆண்டுகள் உத்தியோகம் பார்த்தவர். ஓய்வுக்குப் பின் ஊர்ப்பக்கம் திரும்ப எண்ணி, விளம்பரப் படம் ஒன்றைக் கண்டு அடுக்ககத்தில் ஒரு வீட்டை வாங்கினார். முற்றத்தின் நடுவே பெரிய ஆலமரமும், அடியில் வட்ட மேடையும், மேடைமேல் முதியோர் அமர்ந்து பேசுவதுமாக அந்தப் படம் இருந்தது. "அந்த மேடையில் உட்கார்ந்துதான் என் கடைசிக் காலத்தைக் கழிக்கப் போகிறேன்" என்று எங்களிடம் பலமுறை சொன்னார். குடிபுகுந்த அன்று என்னையும் அழைத்திருந்தார். முற்றத்தில் தொட்டிச் செடிகள் இருந்தன. வரைபடத்தைப் பார்த்தேன். முற்றத்திற்குக் கீழே முழுவதும் கார்கள் நிறுத்தும் தளம். அதன் கூரைமேல் ஒன்றரை அடி மண். ஆலமரம் அங்கே அன்று மட்டுமல்ல, என்றுமே வளர இயலாது. படம் வரைந்தவருக்கு அது தெரியாதிருந்திருக்கலாம். ஆனால் கேட்டிருக்க வேண்டியவர், இதே தொழிலில் இருக்கும் நான். வாங்குவதற்கு முன்பே அவர் அந்தப் படத்தை என்னிடம் காட்டினார். "அழகாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு சொல்லுக்காக இன்றும் வருந்துகிறேன்.

தளத்தின்மேல் மரம் வளர்க்கவே முடியாது என்பதல்ல. இத்தாலியின் மிலான் நகரில் ஸ்தெஃபானோ போயெரி வகுத்து 2014-இல் நிறைவுற்ற இரட்டைக் கோபுரங்களின் மாடங்களில் ஏறத்தாழ 800 மரங்கள் வளர்கின்றன. ஆனால் அங்கே மரத்தின் எடை, ஈர மண்ணின் பாரம், உயரத்தில் வீசும் காற்று எல்லாம் முன்னரே கணக்கிடப்பட்டன. ஈர மண் ஒரு கன மீட்டருக்கு ஒன்றரை டன்னுக்கு மேல் எடை கொள்ளும். கணக்கில் இல்லாத மரம் படத்தில் நின்று பயனில்லை.

வயதைப் பற்றியும் ஒரு சொல். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஹம்ஃப்ரி ரெப்டன் என்ற தோட்டக் கலைஞர், செந்நிற அட்டையிட்ட நூல்களில் தம் திட்டங்களைத் தீட்டிக் கொடுப்பார். படத்தின்மேல் ஒரு மடிப்புத் தாள் இருக்கும். மூடியிருந்தால் இன்றைய நிலம். திறந்தால் நாளைய தோட்டம். இன்றுள்ளதையும் வரப்போவதையும் அருகருகே காட்டிய அம்முறை போற்றத்தக்கது. ஆயினும் நாளை என்பது எந்த நாளை? வேப்பங்கன்று நிழல் தர ஆண்டுகள் பல ஆகும். நட்ட ஆண்டின் தோற்றமா, பதினைந்தாம் ஆண்டின் தோற்றமா என்பதைப் படத்தின் அடியில் எழுதிவிடுவதே நேர்மை.

கடைசியாக, படத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் போலவே யார் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். விளம்பரப் படத்தில் காய்கறி விற்பவர் வருவதில்லை. துணி தேய்ப்பவர், காவற்காரர், வீட்டுவேலை செய்யும் பெண் எவரும் வருவதில்லை. படத்தில் இடம் பெறாதவருக்குத் திட்டத்திலும் இடம் இல்லாமற் போகிறது. இந்தூரில் 'அரண்யா' என்ற எளியோர் குடியிருப்பை வகுத்த பாலகிருஷ்ண தோஷியின் சித்திரங்கள் இதற்கு மாறானவை. பழைய சிற்றோவியங்களின் சாயலில், படியிலும் திண்ணையிலும் தெருவிலும் மக்கள் நடமாட்டத்தை அவை காட்டுகின்றன. கைத்தடி ஊன்றிய முதியவரைப் படிக்கட்டின் அருகே வரைந்து பாருங்கள். கைப்பிடிச் சுவர் இல்லை என்பது அப்போதே தெரிந்துவிடும்.

வாங்குவோருக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ கண்ட பொய்யான விவரத்தை நம்பிப் பணம் கொடுத்து நஷ்டமடைந்தவருக்கு ஈடு கோரும் உரிமையைத் தருகிறது. விலகிக்கொள்ள விரும்பினால் பணத்தை வட்டியுடன் திரும்பப் பெறவும் வழி செய்கிறது. ஆனால் வழக்கைவிட வினா எளிது. இந்த மரம் எது? எந்த மண்ணில், எத்தனை அடி ஆழத்தில் நிற்கிறது? எத்தனையாவது ஆண்டில் இப்படி இருக்கும்? இந்த மனிதர் எவ்வளவு உயரம்? விடையை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

என் உறவினர் இப்போது மாலை வேளைகளில் தெருமுனையில் உள்ள புங்கமரத்தடியில், தேநீர்க்கடைப் பலகையில் அமர்கிறார். அந்த மரம் எந்தப் படத்திலும் இருந்ததில்லை. ஆனால் அதன் நிழல் மெய்யானது.