வாசனை தெரியாமல் நடத்திய பாடம்

(பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முப்பது ஆண்டுகள் தாவரவியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவன் நான். மேல்நிலை வகுப்பின் ‘பிணைப்பு’ பாடம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் பேட்சன், புன்னட் ஆகியோர் இனிப்புப் பட்டாணிச் செடிகளைக் கலப்பு செய்தார்கள். பூவின் ஊதா நிறமும் மகரந்தத்தின் நீண்ட வடிவமும் பெரும்பாலும் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குச் சென்றன. மெண்டலின் 9:3:3:1 விகிதம் அங்கே வரவில்லை.

‘லத்தைரஸ் ஓடோரேட்டஸ்’ என்று கரும்பலகையில் எழுதி, ஓடோரேட்டஸ் என்றால் மணமுள்ளது என்பேன். ஒரு நாள் ஒரு மாணவி எழுந்து, “சார், அது எப்படி மணக்கும்?” என்று கேட்டாள். “அது பரீட்சைக்கு வராதும்மா” என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு விடை தெரியாது என்பதுதான் உண்மை.

ஓய்வுக்குப் பிறகு மகள் குடும்பத்தோடு ஒரு கோடையை இங்கிலாந்தில் கழித்தேன். அங்கே குளிர்காலத்தில் பகல் எட்டு மணி நேரம்கூட இருக்காது. பல செடிகள் மண்ணோடு மடிந்து, வேர் மட்டும் உறங்கும். ஜூன் மாதத்தில் காலை ஐந்துக்கு முன்பே விடிந்து, இரவு ஒன்பதுக்குப் பிறகுதான் இருட்டும். கிடைத்த வெளிச்சத்தை வீணாக்கக் கூடாது என்பதுபோல எல்லாச் செடியும் ஒரே நேரத்தில் பூத்துத் தள்ளுகின்றன.

கியூ தோட்டத்தையும், சிசிங்ஹர்ஸ்டில் வெள்ளைப் பூக்களுக்கென்றே வைத்திருக்கும் தோட்டத்தையும் பார்த்தேன். ஆனால் மனத்தில் நிற்பது ஒரு சிற்றூரில் கண்ட வீட்டுத் தோட்டம்தான். அங்கே ஓர் அருமையான வழக்கம் உண்டு. ஆண்டில் ஓரிரு நாள் மக்கள் தங்கள் வீட்டுத் தோட்டத்தை ஊருக்குத் திறந்துவிடுகிறார்கள். வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியர்களுக்கு நிதி திரட்ட 1927இல் தொடங்கிய திட்டம் இது. முதல் ஆண்டில் 609 தோட்டங்கள் திறந்தன. நுழைவுக் கட்டணம் ஆளுக்கு ஒரு ஷில்லிங். இன்று ஆயிரக்கணக்கான தோட்டங்கள் இதில் இருக்கின்றன. தேநீரும் கேக்கும் விற்கும் பணமும் அந்த நிதிக்கே போகிறது.

நாங்கள் போன வீட்டில் எண்பது வயதை நெருங்கும் ஓர் அம்மையார் இருந்தார். நுழைந்ததும் ஆள் உயரத்தில் ஊதாப் பூங்கொத்துகள். “இதென்ன, இவ்வளவு பெரிய எள்ளுப்பூ!” என்று தொடப்போனேன். அது ஃபாக்ஸ்குளோவ். கொடிய நஞ்சு. அதே இலையை ஆராய்ந்துதான் வில்லியம் விதரிங் என்ற மருத்துவர் 1785இல் நூல் எழுதினார். இதய மருந்தான டிஜாக்சின் அந்தக் குடும்பத்துச் செடியிலிருந்து வந்ததே. முதல் ஆண்டு வெறும் இலையாகத் தரையோடு கிடந்து, இரண்டாம் ஆண்டுதான் பூக்குமாம். “முதல் ஆண்டிலேயே களை என்று பிடுங்கிவிடுபவர்கள் உண்டு” என்றார் அம்மையார். நம் வகுப்பறைகள் நினைவுக்கு வந்தன.

அடுத்து, குச்சிப் பந்தலில் பட்டாணிக் கொடிபோல ஒன்று ஏறியிருந்தது. ஊதா, இளஞ்சிவப்பு, வெள்ளை என்று பூக்கள். பெயரைச் சொன்னார். எனக்கு ஒரு கணம் பேச்சு வரவில்லை. முப்பது ஆண்டுகள் நடத்திய செடியை முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன். குனிந்து முகர்ந்தேன். எலுமிச்சைப் பூவும் தேனும் கலந்தது போன்ற மணம்.

சிசிலித் தீவிலிருந்து குப்பானி என்ற துறவி 1699இல் இதன் விதைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். யாருக்கு என்கிறீர்கள்? என்ஃபீல்டில் பள்ளி நடத்திய ராபர்ட் யூவ்டேல் என்ற ஆசிரியருக்கு!

அம்மையார் கத்தரிக்கோலை என் கையில் கொடுத்து, “பறித்துக்கொள்ளுங்கள்” என்றார். தயங்கினேன். “பறிக்கப் பறிக்கத்தான் பூக்கும். விட்டுவைத்தால் காய் கட்டி, பூப்பதை நிறுத்திவிடும்” என்றார். பிறகு, “உங்கள் பள்ளித் தோட்டத்தில் என்ன இருந்தது?” என்று கேட்டார்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ‘பூக்களைப் பறிக்காதீர்’ என்ற பலகை நினைவிருந்தது. தாமதமாக வந்த பிள்ளைகளைத் தண்டனையாகச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வைத்தது நினைவிருந்தது. செடிகள் நினைவில் இல்லை. தாவரவியல் ஆசிரியன் நான்!

நண்பர்களே, இனிப்புப் பட்டாணி நம் சமவெளி வெயிலுக்குச் சரிப்படாது. அதன் விதை உண்ணத் தகாதது என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அதே குடும்பத்துச் சங்குப்பூ நம் வேலியில் இருக்கிறது. அவரை இருக்கிறது. ஒரு பூவைப் பறித்து ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கொடுங்கள். பிரித்துப் பார்க்கட்டும், முகர்ந்து பார்க்கட்டும். பிறகு பெயரை எழுதுங்கள். தண்ணீர் ஊற்றுவதைத் தண்டனையாக்காமல், முறை வைத்துக் கொடுக்கும் பொறுப்பாக்குங்கள்.

தெரியாத கேள்வி வந்தால், “எனக்கும் தெரியாது, தேடுவோம்” என்று சொல்லுங்கள். அன்று நான் அப்படிச் சொல்லியிருக்கலாம். அந்த மாணவி இப்போது எங்கே இருக்கிறாளோ, தெரியவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டிய விடையை உங்களிடம் சொல்லிவிட்டேன்.