மூழ்கிய பயிரும் தலைவிதியும்

(கிராமக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



நான் விவசாயக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவனல்ல. பள்ளிக்கூடப் படிப்பே சொற்பம். கேட்டும் படித்தும் நான் தெரிந்துகொண்ட ஒரு சங்கதியைச் சொல்லுகிறேன். சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தள்ளிவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பா நட்ட வயல் பத்து நாள் தண்ணீருக்குள் முழுகிக் கிடக்கிறது. வடிந்த பிறகு பார்த்தால் பயிர் சாய்ந்து அழுகிக் கிடக்கிறது. "எல்லாம் தலைவிதி" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடன் வாங்கப் புறப்படுகிறோம். விதி என்று சொன்ன உடனே யோசனை நின்றுபோகிறது. ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தப் பத்து நாளும் தண்ணீருக்குள் பயிர் என்ன செய்துகொண்டிருந்தது?

அது சும்மா இருக்கவில்லை, தோழர்களே! பயிரின் உடம்பில் எத்திலீன் என்று ஒரு வாயு உண்டாகிறது. தண்ணீர் மூடிக்கொண்டால் அந்த வாயு வெளியேற முடியாமல் உள்ளேயே தேங்குகிறது. அதுவே பயிருக்கு அபாய அறிவிப்பு. உடனே சாதாரண நெற்பயிர் காற்றைத் தேடி மேலே மேலே நீளுகிறது. கலங்கிய தண்ணீரில் வெளிச்சம் போதாது. ஆதலால் புதிதாக உணவு தயாரிக்க வழியில்லை. சேர்த்து வைத்த மாவுச்சத்தையும் சர்க்கரையையும் செலவழித்தே நீளுகிறது. விதை நெல்லைக் குத்தித் தின்றவன் கதைதான்! தண்ணீர் வடிகிறபோது நிமிர்ந்து நிற்கத் தெம்பில்லை. மறுபடி துளிர்க்க முதலுமில்லை. ஆகவே பயிரைக் கொன்றது வெள்ளம் மாத்திரமல்ல. பிழைப்பதற்காக அது செய்த முயற்சியுந்தான்.

அப்படியானால் நீளுவது மடத்தனமா? அதுவுமல்ல. வங்காளத்தில் மாதக்கணக்காகத் தண்ணீர் வற்றாத நிலங்களில் ஆழநீர் நெல், நாளொன்றுக்கு 20 சென்டிமீட்டர் கூட நீண்டு, தலையை வெளியே நீட்டிப் பிழைக்கிறது. அங்கே உயிர் காக்கும் குணமே, பத்து நாளில் வடியும் வெள்ளத்தில் உயிருக்கு உலையாகிறது.

ஒடிசாவின் நாட்டு நெல் ஒன்றிலிருந்து பிரித்தெடுத்த எப்.ஆர். 13ஏ என்னும் ரகம் இதற்கு நேர்மாறானது. முழுகியவுடன் வளர்ச்சியை அடக்கிக்கொண்டு, கையிருப்பை மிச்சம் பிடித்துக் காத்திருக்கும், வடிந்தபின் துளிர்க்கும். இதற்குக் காரணமான சப் 1ஏ என்னும் மரபணுவை விஞ்ஞானிகள் 2006-ல் கண்டறிந்து வெளியிட்டார்கள். சுவர்ணா நெல்லில் இக்குணத்தைக் கலப்பினால் சேர்த்த சுவர்ணா-சப் 1, 2009-ல் இந்தியாவில் வெளியாயிற்று. நம் டெல்டாவுக்குப் பழக்கமான சி.ஆர். 1009 நெல்லிலும் இக்குணம் சேர்த்த விதை வந்திருக்கிறது.

இனிச் சொல்லப்போவதைக் கவனியுங்கள். ஒடிசாவில் 128 கிராமங்களில் இந்த விதையைக் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று 2013-ல் வெளியாயிற்று. பத்து நாள் முழுகிய வயலில், சாதாரண சுவர்ணாவைவிடச் சுமார் 45 சதவிகிதம் கூடுதலான மகசூல் என்று கணக்கிட்டார்கள். அத்தோடு, வெள்ளம் தேங்கும் பள்ளத்து நிலங்கள் தாழ்த்தப்பட்ட சாதியார் கையிலேயே அதிகம் இருப்பதையும் கண்டார்கள். மேட்டு நிலம் ஒருவனுக்கு, பள்ளத்து நிலம் மற்றொருவனுக்கு என்று பங்கு போட்டது மழையா? மனிதன் போட்ட பங்கைத்தானே விதி என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்!

இந்த விதையே சர்வரோக நிவாரணி என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் முழுகினால் இதுவும் தாங்காது. முளைக்கும்போதே முழுகினாலும் உதவாது. வெயிலுக்கோ இது மருந்தே அல்ல. நெல் பூக்கும் வேளையில் ஒரு மணி நேரம் 35 டிகிரிக்கு மேல் சூடு இருந்தாலே மகரந்தம் சரியாக உதிராமல் கதிர் பதராகிவிடக்கூடும். பூமியோ சூடேறிக்கொண்டே வருகிறது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவிகிதம் அதிக ஈரத்தைத் தாங்கும்; ஆதலால் கொட்டும்போது பெருமழையாகக் கொட்டுகிறது. இனி வெள்ளமும் வரும், வெயிலும் வரும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வழி தேட வேண்டும்.

ஆகவே, தோழர்களே! வாய்க்காலைத் தூர் வாரு, வடிகாலைச் சீர்செய், தகுந்த விதையை நடவுக்கு முன்பே பள்ளத்து நிலத்துக்காரனுக்கு முதலில் கொடு என்று கேளுங்கள். அது பிச்சையல்ல, உங்கள் உரிமை. ஒரு புல் ஜாதிப் பயிர்கூட வெள்ளம் வந்தால் ஏதாவதொரு காரியம் செய்கிறது. ஆறறிவு படைத்த நாம் கையைக் கட்டிக்கொண்டு விதியென்று உட்கார்ந்திருக்கலாமா? யோசித்து முடிவு செய்யுங்கள்.