பஞ்சர் ஒட்ட நாமும் கற்போம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அதில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். வேலைக்கும் தண்ணிக்கும் யாரையும் எதிர்பாராமல் தாங்களே போனார்கள். இன்னைக்கு நாமும் ஓட்டுறோம். ஆனா ஒரு முள் குத்திட்டா? வீட்டுக்காரர் வரட்டும் என்று சைக்கிளைச் சாய்ச்சு வைக்கிறோம். நமக்கு ஒரு நாள் கூலி போகுது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போகுது.

டயர் வாங்கப் போகும்போது பழைய டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணை அப்படியே எழுதிக்கொண்டு போங்கள். 26 x 1 3/8, 26 x 1.75 இரண்டிலும் 26 இருக்கும். ஆனா ஒன்றின் ரிம்மில் மற்றது உட்காராது. தார் ரோட்டுக்கு வரி போட்ட டயர் போதும், மிதிக்க லேசு. மண் பாதைக்குப் பட்டன் வைத்த டயர் பிடிப்பாக இருக்கும். டயரில் நூல் தெரிந்தால் மாற்றிவிட வேண்டும். பாரம் ஏறுவதால் பின் டயர்தான் சீக்கிரம் தேயும். அந்தத் தேய்ந்த டயரை முன்னால் போடாதீங்க. முன் டயர் வெடித்தால் ஆளே விழுவோம்.

காற்று இறங்கினால் முதலில் வால்வு வாயில் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். குமிழ் வந்தால் வால்டியூப்தான் கெட்டிருக்கு, அதை மாற்றினால் போதும். இல்லையென்றால் டியூபை வெளியே எடுத்து, காற்றடித்து, தண்ணீரில் முக்கி ஓட்டையைக் கண்டுபிடியுங்கள். துடைத்துக் காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவுங்கள். உடனே ஒட்டக்கூடாது. ஈரம் போய், தொட்டால் பிசுபிசுக்கும் வரை பொறுக்க வேண்டும். அப்புறம் ஒட்டுத் துண்டை வைத்து நன்றாக அழுத்துங்கள்.

முக்கியமான வேலை இனிமேதான். டயரின் உள்பக்கத்தைத் துணியால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். கருவேல முள் அங்கேயே ஒடிந்து நிற்கும். அதை எடுக்காமல் மாட்டினால் அரை மைலில் மறுபடி பஞ்சர்.

காற்றைக் குறைவாக வைத்து ஓட்டாதீங்க. டயர் பக்கவாட்டில் வெடிக்கும், டியூப் நசுங்கிக் கிழியும்.

ஒவ்வொரு குழுவும் தீர்மானம் போட்டு, பொதுப்பணத்தில் பம்பு, லீவர், உப்புத்தாள், சொல்யூஷன், ஒட்டு, வால்டியூப் வாங்கி வைக்கலாம். அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு பழைய டியூப் கொண்டு வாங்க. சேர்ந்து ஒட்டிப் பழகுவோம்.