நாரையும் தொலைபேசியும்



சத்திமுத்தப் புலவரை நீங்கள் அறிவீர்கள். கும்பகோணத்துக்கு அண்மையிலுள்ள சத்திமுத்தத்தை விட்டு, வறுமை துரத்த மதுரைக்குப் போனவர். அங்கே குளிரில் ஒடுங்கிக் கிடந்தபோது, வடக்கு நோக்கிப் பறந்த நாரையை அழைத்து மனைவிக்குச் சேதி சொல்லி அனுப்புகிறார். நாரையின் அலகுக்குப் பிளந்த பனங்கிழங்கை உவமை சொன்னாரே, அந்த அழகைத்தான் நாங்கள் வகுப்பில் வியந்து வியந்து படிப்பிக்கிறோம். நான் இன்று பேச வந்தது அவர் சொன்ன சேதியைப் பற்றி. 'சுகமாக இருக்கிறேன்' என்று அவர் சொல்லவில்லை. உடுக்கத் துணியில்லாமல், தன் கைகளையே போர்வையாக்கி நடுங்குகிறான் உன் கணவன் என்று உள்ளதை உள்ளபடி சொல்லச் சொன்னார்.

அதே மதுரையில், 2003 மார்கழியில், நானும் குளிரில் நடுங்கினேன். எனக்குக் காய்ச்சல். கோயில்களைப் பார்க்க நண்பர்களோடு போயிருந்தேன். குறிஞ்சாக்கேணியில் எங்கள் வீட்டுக்கு அப்போது தொலைபேசி இல்லை. சந்தியிலிருந்த கொமினிகேசன் கடைக்கு எடுத்து, "அம்மாவைக் கூப்பிடுங்கோ" என்று சொல்லி வைத்துவிட வேண்டும். கடைப் பையன் சைக்கிளில் ஓடுவான். கால் மணி கழித்து மறுபடி எடுக்க வேண்டும். ஐ.எஸ்.டி. பூத்தில் சிவப்பு எண்கள் ஓட ஓட என் நெஞ்சும் ஓடிற்று.

"சாப்பிட்டியா மகன்?"

"ஓமம்மா, நல்லா இருக்கிறன். அப்பா எப்படி?"

"எல்லாரும் சுகம். காசு போகுது, வை."

ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்தது: அன்றைக்கு அப்பா ஆசுபத்திரியில் மூன்றாம் நாள். அம்மா கட்டிலடியிலிருந்து எழுந்து வந்துதான் என்னோடு பேசியிருக்கிறா. என் காய்ச்சலை நான் மறைத்தேன், அவவின் கண்ணீரை அவ மறைத்தா. காசு கொடுத்து இரண்டு பொய்களைப் பரிமாறிக்கொண்டோம்.

இப்போது வாட்ஸ்அப்பில் முகமே தெரிகிறது. காசும் அவ்வளவாக இல்லை. ஆனால் மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்யும் எங்கள் அயல்வீட்டுப் பெண், உம்மாவோடு பேசும்போது வெளிச்சமான சுவரொன்றைத் தேடிப்போய் நின்றுகொள்கிறாள். பின்னால் அந்தச் சுவர் மட்டுந்தான் தெரியும். அவள் படுக்கும் இடம் எப்படியிருக்கும் என்று உம்மா இன்றுவரை கண்டதில்லை. கேட்டதுமில்லை.

2021 நவம்பர் 23. எங்கள் பாலத்தைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஆற்றைக் கடக்க ஒரு படகுப்பாதைதான் இருந்தது. காலையில் அது கவிழ்ந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதில் மாண்டார்கள். கரையெங்கும் அழுகை, அதற்கிடையில் கைத்தொலைபேசிகளின் ஒலி. என்னுடையதும் அடித்தது. டோஹாவிலிருந்து என் பழைய மாணவர்.

"சேர், ஊட்டுல கேட்டா எல்லாரும் சுகம் என்டுதான் சொல்லுவாங்க. அதுதான் உங்களுக்கு எடுத்த. உண்மையச் சொல்லுங்க."

அவருடைய மகள் அன்று பள்ளிக்கூடம் போகவில்லை. தடிமனோடு வீட்டில் இருந்தாள். அதைச் சொன்னேன். மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை. பிறகு, அவளோடு தினமும் போய்வரும் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார்.

அதையும் சொன்னேன்.