வாடகையும் இனப்பகையும்



மொழிபெயர்ப்பை அலுவலாகக் கொண்ட என் போன்றோருக்குச் சில சொற்கள் எளிதில் வசப்படுவதில்லை. 'இனம்' அவற்றுள் ஒன்று. பிறப்பால் பிரித்து எண்ணப்படும் மக்கட் கூட்டத்தையும் அச்சொல் குறிக்கும். 'இனத்தார்' என்னும்போது உற்றார் உறவினரையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒரே வட்டாரத்தில் மோதிக்கொண்ட வரலாறு ஒன்றை இன்று கூற விரும்புகிறேன்.

இலண்டன் மாநகரின் கிழக்கே ஸ்டெப்னி என்னும் ஏழையர் பகுதி உண்டு. 1880-களிலிருந்து, ருஷ்யப் பேரரசின் கொடுமைகளுக்கு அஞ்சி வந்த யூதர் பலர் அங்கே தையல் வேலையில் அமர்ந்தனர். அருகே, துறைமுகத்தில் மூட்டை சுமந்த ஐரிஷ் மக்கள் வாழ்ந்தனர். இரு சாராருக்கும் வருவாய் நிலையற்றது, வீடு இடிந்தது, வாடகை மட்டும் தவறாதது. வந்தேறிகளால்தான் இத்துன்பம் என்ற முணுமுணுப்பு எழுந்தது. 1905-இல் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டமும் பிறந்தது.

ஆயினும் 1912-இல் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து பட்டினி கிடந்தபோது, அவர்தம் குழந்தைகள் நூற்றுக்கணக்கானோரை யூதக் குடும்பத்தினர் தம் இல்லங்களில் வைத்துப் பேணினர். இதற்கு முன்னின்றவர் ருடால்ப் ராக்கர். அவர் யூதரல்லர், ஜெர்மானியர். யூத ஏழைகளோடு உறவாடி அவர்களுடைய இத்திஷ் மொழியைக் கற்றுக்கொண்டவர்.

1932-இல் ஆஸ்வால்டு மோஸ்லி என்பார் பாசிசக் கட்சி ஒன்றைத் தொடங்கினார். நாட்டுப்பற்றின் பெயரால் யூத வெறுப்பை வளர்த்த அக்கட்சியினர், 1936 அக்டோபர் 4 அன்று கறுப்புச் சீருடையுடன் அப்பகுதி வழியே அணிவகுக்க முற்பட்டனர். கேபிள் தெருவில் யூதரும் ஐரிஷ் தொழிலாளரும் பொதுவுடைமையரும் தடுப்பரண் அமைத்து நின்றனர். வழி திறக்கக் காவல்துறையால் இயலவில்லை, ஊர்வலம் கைவிடப்பட்டது.

இத்துடன் கதை முடிந்தது என்று எண்ணுவோர் பலர். உண்மை வேறு. மறு ஆண்டு மார்ச்சு மாதம் நடந்த இலண்டன் மாவட்ட மன்றத் தேர்தலில், அண்டைப் பகுதியான பெத்னல் கிரீனின் ஒரு தொகுதியில் அப்பாசிசக் கட்சி ஏறத்தாழ 23 விழுக்காடு வாக்குப் பெற்றது. தெருவை மறித்தல் எளிது. அண்டை வீட்டானின் உள்ளத்தை மாற்றுதல் அரிது.

இதை உணர்ந்தவர்களுள் ஒருவர் பில் பிராட்டின் என்னும் பொதுவுடைமைக் கட்சியினர். 1937-இல் பாரகன் மாளிகை என்ற குடியிருப்பில் இரு குடும்பங்கள் வாடகைப் பாக்கிக்காக வெளியேற்றப்பட இருந்தன. இரண்டும் பாசிசக் கட்சியைச் சார்ந்தவை. தம் கட்சியிடம் உதவி கேட்டும் பயனில்லை. பிராட்டினும் தோழர்களும் அக்குடியிருப்பினரை ஒன்றுதிரட்டி, வெளியேற்ற வந்தவர்களைத் தடுத்துத் தவணை பெற்றுத் தந்தனர். அவ்விரு குடும்பத்தாரும் தம் கட்சிச் சீட்டுகளைக் கிழித்தெறிந்ததாக, 1948-இல் வெளிவந்த தம் நூலில் பிராட்டின் எழுதுகிறார்.

இங்கே கருதத்தக்கது ஒன்று. வெறுப்பைத் தவறு என்று அவர்கள் மேடையேறிச் சொன்னதோடு நிற்கவில்லை. வெறுப்பு எதைத் தின்று வளர்ந்ததோ, அந்தக் குறையையே கையில் எடுத்தனர். ஓட்டைக் கூரைக்குக் காரணம் பக்கத்து வீட்டு யூதரல்லர், பழுது பார்க்காத வீட்டுடைமையாளர் என்பது செயலால் விளங்கிற்று. வாடகைதாரர் சங்கங்கள் பெருகின. 1939-இல் யூதரும் யூதரல்லாதாரும் சேர்ந்து நடத்திய வாடகை மறுப்புப் போராட்டங்கள் வென்றன. 1945-இல் பிராட்டின் மைல் எண்டு தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் புகுந்தார்.

இவ்வெற்றி நிலைத்ததா? 1950-இல் அவர் தோற்றார். 1968 ஏப்ரலில், குடியேறிய கறுப்பின மக்களுக்கும் ஆசிய மக்களுக்கும் எதிராக ஈனாக் பவல் பேசியதை ஆதரித்து, இலண்டன் துறைமுகத் தொழிலாளர் பலர் நாடாளுமன்றத்தை நோக்கி ஊர்வலம் சென்றனர். ஒரு தலைமுறை ஈட்டிய நல்லுறவு, மறு தலைமுறைக்குத் தானே வந்து சேர்வதில்லை.

பிறந்த மண்ணை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நாமும் ஏதேனும் ஒரு தெருவில் 'வந்தவர்' எனப்படுவோம். வேறொரு நாள், நமக்குப் பின் வந்தவரை நாமே அவ்வாறு அழைக்கவும் துணிவோம். குழாயில் நீர் வராத காலையில் அண்டை வீட்டாருடன் சேர்ந்து மனு எழுதுகிறோமா, அவர்மேல் பழி சுமத்துகிறோமா என்பதில்தான் 'இனம்' என்னும் சொல்லுக்கு நாம் கொள்ளும் பொருள் அடங்கியிருக்கிறது. நல்லுறவும் வாடகையைப் போன்றதே. மாதந்தோறும் செலுத்தப்பட வேண்டும்.