ஈரக் கைக்கு ஏற்ற செயலி



காலை ஐந்தரை மணி. ஒரு வீட்டின் சமையலறை. ஓர் அடுப்பில் பால் காய்கிறது. இன்னோர் அடுப்பில் குக்கர். ஏழு மணிக்குப் பிள்ளைக்குப் பள்ளிப் பேருந்து வந்துவிடும். எட்டரைக்கு அந்த வீட்டு அம்மாவும் வேலைக்குக் கிளம்ப வேண்டும். இன்று புதிதாக ஒரு குழம்பு வைக்கலாம் என்று அவர் நினைக்கிறார். செல்போனில் ஒரு சமையல் செயலியைத் திறக்கிறார். செயலியைத்தான் பலரும் ‘ஆப்’ என்கிறார்கள்.

முதலில் ஒரு விளம்பரம் வருகிறது. அதை மூடுகிறார். உங்கள் பெயர் என்ன, போன் நம்பர் என்ன என்று செயலி கேட்கிறது. அதையும் தாண்டுகிறார். இப்போது ஒரு நீண்ட கதை வருகிறது. அந்தக் குழம்பை எழுதியவருக்கு அது எவ்வளவு பிடிக்கும் என்ற கதை. குழம்பு எங்கே? கீழே, கீழே, இன்னும் கீழே. அதற்குள் பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

அந்த அம்மா என்ன நினைப்பார்? “எனக்குத்தான் சரியாகப் படிக்க வரவில்லை” என்று நினைப்பார். அண்மையில் எழுத்துக் கற்றவர் என்றால் போனை மூடி வைத்துவிடுவார். மறுபடி திறக்கவே தயங்குவார். ஆனால் தவறு அவருடையதா? அவருக்குப் படிக்கத் தெரியும். சமைக்கவும் தெரியும். அந்தச் செயலியைச் செய்தவருக்குச் சமையலறை தெரியவில்லை.

வீட்டில் சமைப்பவருக்கு நேரம் எவ்வளவு அருமையானது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2024-இல் மத்திய அரசு நாடு முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. மக்கள் ஒரு நாளின் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று அதில் கேட்டார்கள். சம்பளம் இல்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் ஒரு பெண் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார். அதாவது ஐந்து மணி நேரத்துக்குப் பதினொரு நிமிடம்தான் குறைவு. ஆண் செலவிடுவது 88 நிமிடம். இந்த வித்தியாசத்தைப் பற்றித் தனியாகவே ஒரு கூட்டம் போட்டுப் பேசலாம். இங்கே ஒன்று மட்டும் போதும். ஏற்கனவே ஐந்து மணி நேரம் உழைக்கிறவரிடம் இன்னும் பத்து நிமிடத்தைப் பறிக்கிற செயலி யாருக்கு வேண்டும்?

சரி, நல்ல செயலியை எப்படிச் செய்வது?

முதல் வேலை கணினி முன் உட்காருவது அல்ல. சமைக்கிறவர் பக்கத்தில் போய் நிற்பது. பெங்களூரில் இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2005-இல் அங்கே ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கியது. அங்கே இந்திராணி மேதி என்ற ஆய்வாளர் வேலை பார்த்தார். வீட்டு வேலை செய்யும் பெண்கள் கணினியில் வேலை தேட ஒரு வழி செய்ய அவரும் அவருடைய குழுவினரும் முயன்றார்கள். அந்தப் பெண்களில் பலருக்கு எழுத்துத் தெரியாது. அதனால் திரையில் படமும் குரலும் மட்டும் வைத்தார்கள்.

படம் போட்டால் போதும், எல்லாருக்கும் புரிந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி நடக்கவில்லை. பாத்திரத்தையும் அடுப்பையும் மட்டும் வரைந்து வைத்தால், அது ஓர் இடம் அல்லது பொருள் என்று அந்தப் பெண்கள் எண்ணினார்கள். அது செய்ய வேண்டிய வேலை என்று தோன்றவில்லை. குழாயில் தண்ணீர் ஓடுவது போலவும், ஆவி எழுவது போலவும் வரைந்த பிறகு புரிந்தது. சின்ன மாற்றம்தான். ஆனால் அந்தப் பெண்களோடு உட்கார்ந்து கேட்காமல் இருந்திருந்தால் அது தெரிந்தே இருக்காது. 2006-இல் இந்த ஆய்வு வெளியானது. சமையல் செயலி செய்கிறவரும் இதைப் படித்துப் பார்ப்பது நல்லது. வெங்காயத்தின் படம் வெங்காயம் வேண்டும் என்று சொல்லும். நறுக்க வேண்டுமா, அரைக்க வேண்டுமா, வதக்க வேண்டுமா? அதைக் கத்தியும் அம்மியும் கரண்டியும் அசைந்து காட்ட வேண்டும்.

அடுத்தது அளவு. அதிகக் குழப்பம் இங்கேதான் வருகிறது.

‘ஒரு கப் ரவை’ என்று செயலி சொல்கிறது. எந்தக் கப்? அமெரிக்காவில் ஒரு கப் என்றால் சுமார் 240 மில்லி. இங்கே ஒரு வீட்டில் காபி டம்ளர்தான் கப். இன்னொரு வீட்டில் மோர் குடிக்கும் பெரிய டம்ளர். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. “ரவையை எந்த டம்ளரில் அளந்தீர்களோ, அதே டம்ளரில் இரண்டரைப் பங்கு தண்ணீர்” என்று சொல்லிவிட்டால் போதும். டம்ளர் சிறியதோ பெரியதோ, உப்புமா சரியாக வரும்.

உப்பு, மிளகாய்த்தூளில் இன்னும் கவனம் வேண்டும். பல சமையல் குறிப்புகளில் ‘தே.க.’, ‘மே.க.’ என்று சுருக்கி எழுதுகிறார்கள். தேக்கரண்டி, மேசைக்கரண்டி என்று அர்த்தம். தேக்கரண்டி 5 மில்லி. மேசைக்கரண்டி 15 மில்லி. ஓர் எழுத்து மாறினால் உப்பு மூன்று மடங்கு ஆகிவிடும்! எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கு இந்தச் சுருக்கம் ஒரு தொல்லை. சின்ன கரண்டி, பெரிய கரண்டி என்று முழுதாக எழுதி, பக்கத்தில் படமும் போட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

இந்த அக்கறை புதிதும் அல்ல. 1951-இல் எஸ். மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். உறவினர்கள் அவரிடம் சமையல் குறிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதிலிருந்துதான் புத்தகம் வந்தது. அன்று படியும் ஆழாக்கும்தான் வீட்டு அளவு. எட்டு ஆழாக்கு ஒரு படி. கிலோவும் லிட்டரும் 1958-க்குப் பிறகுதான் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. பக்கத்தில் மாமியாரோ அம்மாவோ இல்லாத புதுப்பெண்ணும் சமைக்க வேண்டும் என்றால், அவள் வீட்டில் இருக்கும் அளவில் சொல்ல வேண்டும். இன்று அந்த அளவு டம்ளரும் கரண்டியும் குக்கர் விசிலும்தான். விசில் மிக நல்ல அளவு. கை வேலையாக இருந்தாலும் காது எண்ணிக்கொள்ளும். ஆனால் “மூன்று விசில் விட்டு இறக்கவும்” என்று நிறுத்தினால் ஆபத்து. ஆவி தானாக அடங்கிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்ல வேண்டும்.

மூன்றாவது, எதை முதலில் சொல்வது என்பது. ஒருவர் சன்னா மசாலா செய்யத் தொடங்குகிறார். வெங்காயம் நறுக்கியாயிற்று. தக்காளி அரைத்தாயிற்று. நான்காவது படிக்கு வருகிறார். “எட்டு மணி நேரம் ஊறிய கொண்டைக்கடலையைச் சேர்க்கவும்” என்று இருக்கிறது. இப்போது என்ன செய்வது? நேற்று இரவு சொல்ல வேண்டியதை இன்று காலை சொன்னால் என்ன பயன்?

ஊற வைப்பது, மாவு புளிக்க வைப்பது, தயிர் உறைய ஊற்றுவது எல்லாம் முதல் திரையிலேயே, பெரிய எழுத்தில் வர வேண்டும். இன்னும் நல்ல செயலி என்றால் முந்தின இரவே மணி அடித்து, “நாளைக்குச் சன்னா. இப்போதே ஊறப் போடுங்கள்” என்று குரலில் சொல்லும்.

இதில் உடல்நலமும் இருக்கிறது. ராஜ்மா என்ற சிவப்புக் காராமணியைப் போன்ற பெரிய பயறு வட இந்தியாவில் அன்றாட உணவு. இப்போது எல்லா ஊர்க் கடைகளிலும் கிடைக்கிறது. பச்சை ராஜ்மாவில் ஒரு நச்சுப் பொருள் உண்டு. குறைந்தது ஐந்து மணி நேரம் ஊற வைக்க வேண்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதித்து நன்றாக வேக வேண்டும். குறைந்தது பத்து நிமிடமாவது அப்படிக் கொதித்தால்தான் நச்சு அழியும். குக்கரில் மெத்தென்று வேக வைத்தால் கவலை இல்லை. சூடு போதாமல் அரைவேக்காடாக விட்டால் வாந்தியும் பேதியும் வரும். அழகான படம் நான்கு போட்டு, இந்த ஒரு வரியை விட்டுவிட்ட செயலியை நல்லது என்று சொல்ல முடியுமா?

நேரத்தைச் சொல்லும்போது அடையாளத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். “மாவு எட்டு மணி நேரம் புளிக்கட்டும்” என்று எழுதிவிடுகிறார்கள். மே மாதச் சென்னையில் ஆறு மணி நேரத்திலேயே மாவு பொங்கி வழியும். ஜனவரி மாதத் தில்லியில் பன்னிரண்டு மணி ஆனாலும் அப்படியே கிடக்கும். “மாவு பொங்கி மேலே எழும்பி வரும் வரை” என்றால் இரண்டு ஊருக்கும் பொருந்தும். கடுகு வெடித்ததும், பச்சை வாசனை போனதும், எண்ணெய் பிரிந்ததும் என்று வீடுகளில் சொல்வார்களே, அந்தப் பேச்சு கடிகாரத்தைவிட நம்பத் தகுந்தது.

பொருளின் பெயரிலும் ஒரு சின்ன உதவி செய்யலாம். பெங்களூர்க் கடையில் துவரம் பருப்பைத் தொகரி பேளே என்பார்கள். தில்லியில் அர்ஹர் தால். வெளியூரில் குடியிருக்கும் தமிழருக்கு இரண்டு பெயரும் தெரிந்தால் கடையில் தடுமாற வேண்டாம்.

இனி கைக்கு வருவோம். சமைக்கிறவரின் கை ஈரமாக இருக்கும். மாவு ஒட்டியிருக்கும். மிளகாய் பட்டிருக்கும். அந்தக் கையால் திரையைத் தொடவே கூடாது. ஆகவே ஒரு திரையில் ஒரே ஒரு வேலை. எழுத்து எட்டி நின்று படிக்கும் அளவுக்குப் பெரியது. சமையல் முடியும் வரை திரை அணையக் கூடாது. “அடுத்தது” என்று வாயால் சொன்னால் அடுத்த படி வர வேண்டும். “திரும்பச் சொல்” என்றால் திரும்பச் சொல்ல வேண்டும். இது முடியாத காரியம் அல்ல. 2017-லேயே கூகுள் தமிழ்ப் பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் வசதியைத் தந்துவிட்டது. ஆனால் மிக்சி ஓடும் சத்தத்தில் போனுக்குப் பேச்சுக் கேட்காது. அதற்காக முழங்கையால் தட்டினாலும் வேலை செய்யும் அளவுக்கு ஒரு பெரிய பட்டனும் வேண்டும்.

போன் யாருடையது என்பதும் ஒரு கேள்வி. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தாமே பயன்படுத்தும் செல்போன் உள்ள பெண்கள் 54 சதவீதம்தான். மற்றவர்கள் கணவருடையதையோ மகனுடையதையோ வாங்கிப் பார்க்க வேண்டும். அப்படி இருக்கும்போது, போன் நம்பரைக் கொடு, வரும் ரகசிய எண்ணைப் போடு என்று செயலி கேட்டால் என்ன ஆகும்? அவர் வெளியே போக வேண்டியதுதான். ரசம் வைக்க எதற்கு ரகசிய எண்? ஒருமுறை இறக்கிக்கொண்டால் நெட் இல்லாமலும் குறிப்பு திறக்க வேண்டும். மகன் போனை எடுத்துக்கொண்டு கிளம்பும் முன் குறிப்பைப் பார்த்துத் தாளில் எழுதிக்கொள்ள, சுருக்கமான ஒரு பக்கமும் இருந்தால் நல்லது.

இவ்வளவும் சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பணம் செலவழித்துச் செயலியைச் செய்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். செல்போன் அளவில் தாளை வெட்டி, ஒவ்வொரு திரையையும் பேனாவால் வரையலாம். அதைச் சமைக்கிறவர் பக்கத்தில் வைத்து, அவர் சொல்லச் சொல்லத் தாளை மாற்றலாம். ஜேக்கப் நீல்சன் என்ற வடிவமைப்பு அறிஞர் 2000-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும் என்று அதில் காட்டினார். அந்த ஐந்து பேரில் ஒருவராவது புதிதாக எழுத்துக் கற்றவராக இருக்கட்டும். ஒருவராவது ஆணாக இருக்கட்டும்.

சோதிக்கும்போது செய்தவர் வாயைத் திறக்கக் கூடாது. “அங்கே தட்டுங்கள் அம்மா” என்று சொல்லிக் கொடுக்கத் தோன்றும். சொல்லக் கூடாது. அவர் எங்கே நிற்கிறார், எந்தச் சொல்லை இரண்டு முறை படிக்கிறார், எப்போது அடுப்பைத் திரும்பிப் பார்க்கிறார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு வரைய வேண்டும்.

செயலி வந்த பிறகும் ஒவ்வொரு குறிப்பின் கீழும் ஒரு பட்டன் இருக்க வேண்டும். அதைத் தொட்டு, “தண்ணீர் போதவில்லை, அடி பிடித்துவிட்டது” என்று பேசினால் அது செய்தவரிடம் போய்ச் சேர வேண்டும். அப்படி ஒரு குரல் வந்த அன்றே அவர் தன் வீட்டு அடுப்பில் அதே குறிப்பைச் செய்து பார்க்கட்டும்.